காப்பீட்டுத் தொகைக்குத் தொண்ணூறு நாள் ஏன்? ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கும், வைப்புத்தொகைக் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகத்தின் இயக்குநர் குழுவினருக்கும்,

வணக்கம்.

கல்லூரியில் 'பணமும் வங்கியும்' என்ற பாடத்தை நெடுங்காலம் நடத்தி ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியன் நான். உங்கள் கட்டளையால் முடங்கும் வங்கியில் பணம் வைத்திருப்பவருக்கு, சட்டப்படி உரிய 5 லட்சம் ரூபாய் வரையிலான காப்பீட்டுத் தொகை, இப்போதுள்ள 90 நாள் கெடுவுக்குப் பதிலாக ஏழு வேலைநாட்களுக்குள் கிடைக்க வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். முடங்கிய வங்கிகளின் வாசலில் நிற்கும் முதியவர்களின் நிலையைச் சொல்லி இக்கோரிக்கையைப் பலர் ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். நான் வைப்பது வேறொரு வழியில். வங்கி ஒழுங்குமுறை பற்றி நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வு, அதிலும் நம் நாட்டுக் கூட்டுறவு வங்கிகளின் கணக்கேடுகளையே எடுத்துவைத்துச் செய்யப்பட்ட ஆய்வு, எந்த முடிவுக்கு நம்மை இட்டுச் செல்கிறது என்பதை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1983இல் டக்ளஸ் டைமண்ட், பிலிப் டிப்விக் என்ற இரு அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2022இல் பென் பெர்னான்கியுடன் அவர்கள் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு அக்கட்டுரையே முதன்மைக் காரணம். எப்போது கேட்டாலும் தருவதாகச் சொல்லி மக்களிடம் வாங்கிய பணத்தை, பல ஆண்டுகள் கழித்தே திரும்பிவரக்கூடிய கடன்களாகக் கொடுத்துவைப்பதுதான் வங்கியின் தொழில். எல்லாருக்கும் ஒரே நாளில் பணம் தேவைப்படுவதில்லை என்பதால் இந்தத் தொழில் நடக்கிறது. ஊருக்கும் அதனால் நன்மை விளைகிறது. ஆனால் மற்றவர்கள் தங்கள் பணத்தை எடுத்துவிடப் போகிறார்கள் என்று ஒவ்வொருவரும் எண்ணத் தொடங்கிவிட்டால், கொடுத்த கடன்கள் எல்லாம் நல்ல கடன்களாகவே இருக்கும் வங்கியிலும்கூட, வரிசையில் முதல் ஆளாகப் போய் நிற்பதே புத்திசாலித்தனம் ஆகிவிடுகிறது. பணமெடுப்பு நெரிசலில் கலந்துகொள்பவர்களை வதந்திக்கு மயங்கிய பாமரர்கள் என்று சொல்லிவந்த பழைய விளக்கத்தை இக்கட்டுரை தள்ளிவைத்தது. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று கணித்து, அதற்கு ஏற்ற முடிவையே எடுக்கிறார்கள்.

அக்கட்டுரையில், வகுப்பறைகளில் நாங்கள் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிச் சென்றுவிடும் பகுதி ஒன்று உண்டு. நெரிசலைத் தடுக்க இரண்டு மருந்துகளை அவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பணமெடுப்பை வங்கி நிறுத்திவைப்பது. மற்றொன்று, அரசின் வரிவிதிக்கும் வலிமையைப் பின்புலமாகக் கொண்ட காப்பீடு. உண்மையாகவே பணம் தேவைப்படுபவர்கள் எத்தனை பேர் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால், நிறுத்திவைப்போம் என்ற அறிவிப்பே போதும். அவசரமில்லாதவர்கள் தம் பங்கு பத்திரமாக இருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள், நிறுத்திவைக்க வேண்டிய நிலையும் வராது. அந்த எண்ணிக்கை தெரியாதபோது நிலைமை மாறிவிடுகிறது. எந்த வீட்டில் அறுவைச் சிகிச்சை, எந்த வீட்டில் கல்லூரிக் கட்டணம், எந்தக் கடையில் சரக்குக்கான பாக்கி என்பதை யாரும் முன்னரே எண்ணிச் சொல்ல முடியாது. ஆகவே எந்த அளவில் நிறுத்தினாலும், அன்றைய தினம் பணம் இல்லாமல் முடியாது என்ற நிலையில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர் வெறுங்கையோடு திரும்புவார்கள். இந்த நிலையில் காப்பீடே மேலானது என்பது அவர்கள் நிறுவிய முடிவு. காப்பீடு வேலை செய்வது அதன் தொகையால் மட்டுமன்று. தேவைப்படும் நேரத்தில் பணம் கைக்கு வரும் என்ற உறுதி முன்கூட்டியே மனத்தில் இருப்பதால்தான் மக்கள் பணத்தை எடுக்க வங்கிக்கு ஓடாமல் நிற்கிறார்கள்.

நம் நாட்டில் இவ்விரண்டு மருந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கிறோம், அதுவும் தலைகீழான வரிசையில். முதலில் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவின் கீழ்க் கட்டளை வருகிறது; பணமெடுப்பு நிற்கிறது, அல்லது சில ஆயிரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. மாதங்கள் கழிந்தபின் காப்பீடு வருகிறது. காப்பீடு இருக்கிறது என்று அறிந்தவருக்கும் அதற்கு முன் ஒரு நீண்ட முடக்கம் இருக்கிறது என்பது தெரியுமாதலால், ஓடுவதற்கான காரணம் அவரிடம் அப்படியே மிஞ்சியிருக்கிறது.

இது வெறும் ஊகம் என்று நீங்கள் கருதக்கூடாது என்பதற்காகத்தான் அடுத்த ஆய்வைக் குறிப்பிடுகிறேன். 2001 மார்ச்சில் அகமதாபாத்தின் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி, பங்குத் தரகர் ஒருவருக்குக் கொடுத்த கடன்களால் வீழ்ந்தபோது, குஜராத்தின் மற்றக் கூட்டுறவு வங்கிகளின் வாசல்களிலும் கூட்டம் திரண்டது. அப்படி நெரிசலுக்கு ஆளான, ஆனால் தன்னளவில் நலமாக இருந்த ஒரு வங்கியின் வாடிக்கையாளர் கணக்குகளை ராஜ்கமல் ஐயர், மஞ்சு பூரி என்ற இரு பொருளியலாளர்கள் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2012இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் முதன்மை இதழில் வெளியானது. உலகில் எந்த நாட்டு வங்கியிலும் இத்தனை நுணுக்கமாக ஒரு நெரிசலைப் பார்த்த ஆய்வுகள் அரிது. டைமண்டும் டிப்விக்கும் சமன்பாடுகளில் எழுதியதை ஐயரும் பூரியும் உண்மையான மனிதர்களிடம் பார்த்தார்கள் என்று சொல்லலாம்.

அவர்கள் கண்டவை மூன்று காரணங்களால் உங்கள் கவனத்துக்கு உரியவை. அப்போதைய காப்பீட்டு வரம்பான 1 லட்சம் ரூபாய்க்கு மேல் வைத்திருந்தவர்கள் அதிகமாக ஓடினார்கள், இது எதிர்பார்த்ததே. வரம்புக்குள் இருந்தவர்களிலும் ஒரு பகுதியினர் ஓடினார்கள் என்பதே கவனிக்க வேண்டியது. காப்பீடு நெரிசலைக் குறைத்தது, ஆனால் நிறுத்தவில்லை. முழுமையாகக் காக்கப்பட்ட ஒருவர் ஏன் ஓட வேண்டும்? இழப்பீடு வருவதற்கு ஆகும் காலதாமதமும், அதற்குமுன் ரிசர்வ் வங்கி பணமெடுப்பை நிறுத்திவிடும் வழக்கமும் அதற்கான விளக்கத்தில் இடம்பெறுகின்றன. இரண்டாவதாக, நெடுநாள் வாடிக்கையாளர்களும் அந்த வங்கியிலேயே கடன் வாங்கியவர்களும் குறைவாக ஓடினார்கள். மூன்றாவதாக, தம் அறிமுக வட்டத்தில் உள்ளவர்கள் ஓடுவதைப் பார்த்தவர்கள் தாமும் ஓடினார்கள். எடுத்த பணத்தைப் பெரும்பாலோர் திரும்பக் கொண்டுவந்து போடவில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், நெரிசல் என்பது சில நாள் காய்ச்சலன்று. வங்கியின் உடலில் நிலையாகத் தங்கிவிடும் ஊனம் என்பது புலனாகும்.

இதே ஆய்வாளர்கள் இன்னொருவருடன் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, என் பார்வையில், உங்களுக்கு இன்னும் சங்கடமானது. நலமான வங்கியில் 2001இல் நிகழ்ந்த நெரிசலையும், உண்மையிலேயே நொடிந்துபோன வங்கியில் 2009இல் நிகழ்ந்த நெரிசலையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். நலமான வங்கியில் அசையாமல் நின்ற ஊழியர்களும் கடன் தொடர்புடையவர்களும், நொடிந்த வங்கியில் மற்றவர்களைவிட அதிகமாக வெளியேறினார்கள். அந்த வெளியேற்றம் தொடங்கியது, ஒழுங்குமுறை அதிகாரிகளின் தணிக்கை நடந்த பிறகு, அதன் முடிவு ஊருக்குத் தெரியவருவதற்கு முன்பு. அதாவது, மேற்பார்வை அமைப்பு அறிந்த செய்தி உள்வட்டத்துக்கு முதலில் எட்டுகிறது. பொதுக் கட்டளை பின்னர் வருகிறது. கட்டளை பிறக்கும் நாளில் உள்ளே மாட்டிக்கொண்டிருப்பவர், பெரும்பாலும், யாரையும் தெரியாத சிறு சேமிப்பாளர். முடக்கம் எல்லாருக்கும் சமமாக விழுகிறது என்ற வாதத்தை இதற்குப் பிறகும் சொல்வது கடினம்.

இனி நம் அண்மைக்கால வரலாற்றைப் பாருங்கள். 2020 மார்ச் 5 அன்று யெஸ் வங்கி முடக்கப்பட்டது. 50,000 ரூபாய் வரம்பு. மார்ச் 18 அன்று முடக்கம் நீங்கியது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று, 1926இல் கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி முடக்கப்பட்டது. 25,000 ரூபாய் வரம்பு. நவம்பர் 27 அன்று டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டு, டெபாசிட்தாரர் எவரும் ஒரு ரூபாயும் இழக்காமல் கதவு திறந்தது. பங்குதாரர்களின் முதலீடு முழுவதும் அழிந்தது. அதைப் பற்றிக் கரூரிலும் திருச்சியிலும் இன்றும் மனக்குறை உண்டு. ஆயினும் முதலீட்டாளர் இழப்பதும் சேமிப்பாளர் இழக்காமல் இருப்பதும்தான் சரியான வரிசை என்று நான் கருதுகிறேன். பத்து நாட்களில் இதைச் செய்து முடித்ததற்காக ரிசர்வ் வங்கியைப் பாராட்டவும் செய்கிறேன்.

இதற்கு எதிரே பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை வையுங்கள். 2019 செப்டம்பர் 23 அன்று கட்டளை பிறந்தது. ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய் என்று தொடங்கிய வரம்பு, மக்கள் தெருவுக்கு வந்தபின் 10,000, 25,000, 40,000, 50,000 என்று உயர்ந்து, 2020 ஜூனில்தான் 1 லட்சத்தை எட்டியது. யூனிட்டி சிறு நிதி வங்கியோடு அது இணைந்தது 2022 ஜனவரி 25 அன்று. இரண்டு ஆண்டு, நான்கு மாதம். 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களின் மீதிப் பணம் பத்தாண்டுகள் வரை தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. வணிக வங்கிக்குப் பத்து நாள், கூட்டுறவு வங்கிக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் என்ற இந்த இடைவெளிக்குச் சட்டக் காரணங்கள் இருந்தன என்பதை அறிவேன். கூட்டுறவுப் பதிவாளரும் நீங்களும் பகிர்ந்துகொண்ட இரட்டைக் கட்டுப்பாடு அவற்றில் முதன்மையானது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020இல் வந்த திருத்தம் அதைப் பெரிதும் சீர்செய்தது. முடக்கம் விதிக்காமலேயே சீரமைப்புத் திட்டம் வகுக்கும் அதிகாரமும் அத்திருத்தத்தால் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகும், 2025 பிப்ரவரி 13 அன்று மும்பையின் நியூ இந்தியா கூட்டுறவு வங்கி மீது பிறந்த கட்டளை, ஒரு ரூபாய்கூட எடுக்கக்கூடாது என்றுதான் தொடங்கியது. 25,000 ரூபாய் எடுக்க அனுமதி கிடைக்க இரண்டு வாரம் ஆயிற்று. 122 கோடி ரூபாயை உள்ளிருந்தவர்கள் கையாடினார்கள் என்பது குற்றச்சாட்டு. கதவு சாத்தப்பட்டதோ வெளியிலிருந்தவர்களுக்கு.

வைப்புக் காப்பீட்டுக் கழகச் சட்டத்துக்கு 2021இல் வந்த திருத்தத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்கு முன், வங்கியின் உரிமம் ரத்தாகிக் கலைப்பு தொடங்கினாலோ இணைப்பு நடந்தாலோ அல்லாமல் காப்பீட்டுக் கழகம் பணம் தர வழியே இருக்கவில்லை. கட்டளையின் கீழ் ஆண்டுக்கணக்கில் இழுபட்ட வங்கிகளின் டெபாசிட்தாரர்கள் காத்துக்கொண்டே இருந்தார்கள். புதிய 18ஏ பிரிவு ஒரு கெடுவை விதித்தது: வங்கி பட்டியல் தர 45 நாள், கழகம் சரிபார்க்க 30 நாள், பணம் வழங்க 15 நாள். வங்கியைச் சீரமைக்கவோ இணைக்கவோ முயற்சி நடந்தால் மேலும் 90 நாள் நீட்டிக்கலாம். முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆய்வு சொல்வதோடு ஒப்பிட்டால், நெரிசலைத் தடுக்கும் அளவுக்கு இது போதாது. மாதக் கடைசிக்கு மருந்து வாங்க வேண்டியவருக்கு மூன்று மாதம் கழித்து வரும் உறுதிமொழி, இன்றே ஓடு என்றுதான் சொல்லும்.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; ஆனால் இம்மடலைப் படிக்கும் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும். கழகம் உறுப்பினராக உள்ள பன்னாட்டு வைப்புக் காப்பீட்டாளர் சங்கத்தின் அடிப்படை நெறிகள், பெரும்பாலான டெபாசிட்தாரர்களுக்கு ஏழு வேலைநாட்களுக்குள் பணம் தரவேண்டும் என்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் தன் 2014ஆம் ஆண்டு ஆணையின்படி 20 வேலைநாட்களிலிருந்து படிப்படியாகக் குறைத்து, 2024 முதல் ஏழு வேலைநாட்களுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவில் 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை, சிலிக்கான் வேலி வங்கி மூடப்பட்டது. திங்கட்கிழமை காலையில் டெபாசிட்தாரர்கள் தம் பணத்தை எடுக்க முடிந்தது. இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த வங்கியில் முந்தைய ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியதற்குக் காரணம், அதன் வைப்புகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்ததே. வேகமான காப்பீடு வரம்புக்குள் இருப்பவரை அமைதிப்படுத்தும். வரம்புக்கு வெளியே உள்ள பெரும்பணத்தை அமைதிப்படுத்தாது. அதற்கு மூலதனமும் மேற்பார்வையுமே மருந்து. நம் நாட்டில் கணக்குகளின் எண்ணிக்கையில் 97 விழுக்காட்டுக்கு மேல் 5 லட்சம் வரம்புக்குள் அடங்கிவிடுகின்றன. தொகையில் பாதிக்கும் குறைவே அடங்குகிறது. ஆகவே நான் கேட்பது பெரும்பான்மையான மக்களுக்குப் பயன்படும். எல்லா நெரிசலையும் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

உங்கள் தரப்பிலிருந்து வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, காப்பீடு எளிதானால் பொறுப்பின்மை பெருகும் என்பது. இதை ஒதுக்கித் தள்ள முடியாது. அஸ்லி டெமிர்குச்-குண்ட், என்ரிகா டெட்ராகியாச்சே ஆகியோர் 61 நாடுகளின் 1980 முதல் 1997 வரையிலான தரவுகளை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, வெளிப்படையான வைப்புக் காப்பீடு உள்ள நாடுகளில் வங்கி நெருக்கடிகள் வருவதற்கான வாய்ப்பு கூடுகிறது என்றும், ஒழுங்குமுறை நிறுவனங்கள் பலவீனமாக உள்ள இடங்களில் இது மிகுதி என்றும் காட்டியது. சார்லஸ் கலோமிரிஸ், சார்லஸ் கான் என்ற இருவர் 1991இலேயே, எப்போது வேண்டுமானாலும் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்ற டெபாசிட்தாரரின் உரிமைதான் வங்கி நடத்துபவரைக் கட்டுக்குள் வைக்கிறது என்று வாதிட்டார்கள். எனக்கும் இவ்வாதங்களில் மதிப்பு உண்டு. ஆனால் அவை குறிவைப்பது காப்பீட்டின் பரப்பையும் விலையையும். தாமதத்தை யாரும் மருந்தாகப் பரிந்துரைக்கவில்லை. மூன்று லட்சம் ரூபாய் வைத்திருக்கும் ஓய்வூதியர், தன் வங்கியின் கடன் ஏட்டைக் கண்காணிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, கண்காணிக்கத் தவறியதற்குத் தண்டனையாக மூன்று மாதம் காக்கவைப்பதில் எந்த ஒழுக்கமும் விளையாது. பஞ்சாப் மகாராஷ்டிரா வங்கியில் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போன, மொத்தக் கடனில் நான்கில் மூன்று பங்கை நெருங்கிய தொகையை, 21,000க்கு மேற்பட்ட போலிக் கணக்குகள் மறைத்து நின்றன. தணிக்கையாளர்களும் ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் காணாததை ஒரு டெபாசிட்தாரர் எப்படிக் கண்டிருப்பார்?

பொறுப்பின்மைக்கு உரிய மருந்து விலையில் இருக்கிறது. அந்த இடத்தில் நீங்கள் சரியான அடியை எடுத்துவைத்திருக்கிறீர்கள். நலமான வங்கிக்கும் நோயுற்ற வங்கிக்கும் 100 ரூபாய் வைப்புக்கு ஆண்டுக்கு 12 காசு என்று ஒரே காப்பீட்டுக் கட்டணம் இருந்துவந்தது. அதை மாற்றி, 2026-27 நிதியாண்டு முதல் வங்கியின் ஆபத்து அளவுக்கு ஏற்பக் கட்டணம் விதிப்பதாக 2025 அக்டோபர் 1 அன்று அறிவித்தீர்கள். 1962இல் காப்பீடு தொடங்கிய நாளிலிருந்து பொருளியலாளர்கள் கேட்டிருக்க வேண்டிய மாற்றம் இது. துணிவாகக் கடன் கொடுக்கும் வங்கி அதற்கான விலையைத் தானே கட்டத் தொடங்கிவிட்டால், அந்தத் துணிவின் செலவை டெபாசிட்தாரரின் காத்திருப்பு நாட்களில் வசூலிக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது மறுப்பு நடைமுறையைப் பற்றியது: நொடிந்த வங்கியின் ஏடுகள் குழம்பிக் கிடக்கும், பட்டியலைச் சரிபார்க்க நாள் வேண்டும். பெரும்பாலான மோசடிகள் கடன் ஏட்டில் நடக்கின்றன. டெபாசிட் ஏட்டின் மறுபிரதி ஒவ்வொரு வாடிக்கையாளரின் கையிலும் பாஸ்புக்காக இருக்கிறது. அங்கும் சில போலிப் பெயர்கள் இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். அதற்காகத்தான் பட்டியல், வங்கி விழுந்த பின்பு தயாரிக்கப்படும் ஒன்றாக இருக்கக்கூடாது என்கிறேன். ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் அவற்றை ஒன்றாகக் கூட்டி, காப்பீட்டுக்கு உரிய தொகை எவ்வளவு என்று ஒவ்வொரு காலாண்டிலும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு விதிப்பதற்கு இன்று தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. தெருவோரக் காய்கறிக் கடையில் நொடியில் பணம் மாற்றித்தரும் கட்டமைப்பை உருவாக்கிய நாடு இது. நோயுறத் தொடங்கிய வங்கிகளை நீங்கள் தனியே கண்காணிப்பில் வைக்கிறீர்கள் அல்லவா? அந்த வங்கிகளின் பட்டியலைக் கழகம் அப்போதே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிதி போதாது என்ற மறுப்பை யாரும் சொல்லமாட்டார்கள் என்று நம்புகிறேன். கழகத்தின் காப்பீட்டு நிதி 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் வழங்கப்படும் இழப்பீடு அதில் மிகச் சிறு பகுதி.

சட்டத்தில் உள்ள 45, 30, 15 என்ற எண்களை மாற்ற நாடாளுமன்றம் வேண்டும். அதற்கான பரிந்துரையை நிதி அமைச்சகத்துக்கு நீங்கள் அனுப்ப வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள். ஆனால் அவை உச்சவரம்புகள் மட்டுமே. அதற்குள் விரைவாகப் பணம் தருவதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. பட்டியலை ஏழு நாளில் தரும்படி வங்கிக்குக் கட்டளையிலேயே நீங்கள் ஆணையிடலாம். கட்டளை பிறக்கும் நாளில் வங்கி கையில் வைத்திருக்கும் ரொக்கத்தைப் பார்த்து வரம்பை ஆயிரம் என்றும் சுழியம் என்றும் வைப்பதற்குப் பதிலாக, காப்பீட்டுத் தொகையின் ஒரு பகுதியை முன்பணமாக டெபாசிட்தாரரின் வேறொரு வங்கிக் கணக்கில் சேர்க்க ஏற்பாடு செய்யலாம். இறுதிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். காப்பீட்டுத் தொகைக்கு இப்போது தனியே விருப்பக் கடிதம் வாங்கும் நடைமுறை, எழுத்தறிவு குறைந்தவர்களையும் வெளியூரில் இருப்பவர்களையும் பின்னுக்குத் தள்ளுகிறது. கணக்கு தொடங்கும்போதே அந்த ஒப்புதலையும் மாற்றுக் கணக்கு எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மற்றொன்றும் கேட்கிறேன், இதற்குச் சட்டத்திருத்தமோ செலவோ வேண்டாம். கழகத்தின் ஆண்டறிக்கையில், எந்த வங்கிக்கு எத்தனை கோடி வழங்கப்பட்டது என்ற அட்டவணைகளோடு, ஒவ்வொரு வங்கிக்கும் கட்டளை பிறந்த நாளுக்கும் முதல் டெபாசிட்தாரர் கையில் பணம் சேர்ந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள், கடைசி டெபாசிட்தாரருக்கு எத்தனை நாள் என்ற இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்து அச்சிடுங்கள். வரும் ஆண்டறிக்கையிலேயே அதைத் தொடங்கலாம்.

மதிப்புடன்,
ஓய்வுபெற்ற பொருளியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்